பெரியப்பா கட்டிய ஏற்றம்

எங்கள் தீவில் ஏறுவதற்கென்று ஏதாவது இருந்தால் அது பனைமரம்தான். வேலணையிலிருந்து ஊர்காவற்றுறை வரை சைக்கிளில் போனாலும், எதிர்க்காற்று அடித்தாலொழிய, எழும்பி நின்று உழக்கத் தேவையில்லை. அப்படி உள்ளங்கை போலத் தட்டையாய்க் கிடக்கிற ஊரில் என் பெரியப்பா ஒரு மலையைக் கட்டினார்.

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். குருநாகலில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். புளியங்கூடலில் இருந்த பழைய வளவை மறந்துதான் போயிருந்தார் என்று நாங்கள் நினைத்திருந்தபோது, ஒரு மாரி மழை அவருக்கு அதை நினைவூட்டியது. அந்தமுறை வெள்ளம் பழைய வீட்டுக்குள் புகுந்து, பெரியம்மா அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போன கூறைச்சேலையை நனைத்துவிட்டது. பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுவது என்றும், இனி எந்த வெள்ளமும் தன் வீட்டுப் படியைத் தொடக்கூடாது என்றும் பெரியப்பா முடிவெடுத்தார். அத்திவாரம் எழும்பிக்கொண்டே போனது. முழங்கால் உயரம் போதும் என்று மேசன் சொன்னார். பெரியப்பா கேட்கவில்லை. கடைசியில் அது என் தலைக்கு மேலே போய் நின்றது. அப்போது எனக்கு எட்டு வயது.

வீடு முடியும் தறுவாயில்தான் கார் வாங்கினார். கார் போர்ட்டிக்கோவுக்குள் வந்து நிற்க வேண்டும். ஆனால் கேற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த முற்றம் சின்னது. ஒரு பக்கம் அயலவரின் மதில், மறுபக்கம் கிணறு. ஆகவே காருக்குப் போடுகிற பாதை நீண்டு சரிய இடமில்லாமல் செங்குத்தாய் எழும்பவேண்டி இருந்தது. காரைக் கீழே விட்டுவிட்டுப் படியால் ஏறினால் என்ன என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"கார் கீழை நிக்க நான் மேலை இருக்கிறதோ?" என்றார் பெரியப்பா.

கார் ஏறுகிற அந்த ஏற்றத்தைக் கட்டுவதற்காகக் குருநாகலிலிருந்து லொறியில் ஒரு உழவு மெசின் வந்து இறங்கியது. எங்கள் ஊரில் வயல் உழுகிற மெசின்களைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். இது அவற்றின் குட்டி மாதிரி இருந்தது. சிவப்பு நிறம், முன்சில்லு இரண்டும் சைக்கிள் சில்லை விடச் சின்னவை. பின்னால் கொழுவ ஒரு சின்னப் பெட்டி. பெட்டியைக் கழற்றிவிட்டு மண் இழுக்க ஒரு இரும்புத் தகடு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அப்பா அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது இனி வளருமோ?" என்று கேட்டார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் தானே ஓட்டினார். காலையில் மக்கிக் கிடங்குக்குப் போய், சுண்ணாம்புக்கல் பொடிந்த வெள்ளை மக்கி ஏற்றி வருவார். ஏற்றத்தின் இரண்டு கரையிலும் முருகைக்கற்களை அடுக்கியிருந்தார்கள். நடுவில் மக்கியைக் கொட்டி, தகட்டால் இழுத்துப் பரவி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் மெசினை ஏற்றி இறக்கி இறுக்குவார். மாலையில் அவர் தலைமயிர், புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகி, பெரியம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் நிற்பார். புது வீட்டுக் குடிபூரலுக்கு ஆவணியில் நாள் வைத்திருந்தார்கள். நாள் கிட்டக் கிட்ட ஏற்றமும் வீட்டு வாசலைக் கிட்டிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இன்னொரு புது ஆள் இருந்தார். சித்தி. அப்பாவின் தம்பியான என் சித்தப்பா வன்னியில், கிளிநொச்சிக் கந்தோரில் வேலை செய்த காலத்தில் அவரைக் கண்டு விரும்பி, ஊர்காவற்றுறைக்கு மாற்றம் கிடைத்ததும் கலியாணம் செய்து கூட்டிவந்திருந்தார். தாய் தகப்பன் இல்லை. கலியாணத்துக்குப் பெண் பக்கத்திலிருந்து வந்தது ஒரேயொரு தூரத்து உறவுக்காரப் பெண்மணி. போர் முடிந்து கனகாலம் ஆகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் துருவிக் கேட்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "ஆருமில்லாத பிள்ளை" என்று அம்மா சொல்லுவார். அந்தச் சொல்லில் இரக்கம் கொஞ்சமும் குறை கொஞ்சமும் கலந்திருக்கும்.

சித்தி அதிகம் பேசமாட்டார். வேலைக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, ரொட்டி சுடுவது என்று புது வீட்டின் பின்பக்கக் குசினியிலேயே நிற்பார். மெசின் உறுமத் தொடங்கினால் அங்கேயும் நிற்கமாட்டார். வளவின் கோடிக்கு, பனைகளின் பக்கம் போய்விடுவார். இதைப் பெரியப்பா முதலில் கவனித்தார்.

"வன்னியிலை பிறந்த பிள்ளைக்கு உழவு மெசின் எண்டால் பயமாம்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

இன்னொரு நாள், நின்றுகொண்டிருந்த மெசினின் பெட்டிக்குள் நாங்கள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தோம். சித்தி எங்கிருந்தோ ஓடிவந்தார். என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

"இறங்குங்கோ! ஒருத்தரும் உதுக்குள்ளை ஏறக்கூடாது. விளங்குதோ?"

அவர் நகம் பட்ட இடம் சிவந்துவிட்டது. நான் அதை அம்மாவிடம் காட்டி அழுதேன். சித்தி பொல்லாதவர் என்று அன்றோடு தீர்மானித்துக்கொண்டேன்.

குடிபூரலுக்கு இரண்டு கிழமை முந்தி, ஒரு சனிக்கிழமை, கடைசிப் பெட்டி மக்கி வந்தது. பெரியப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கேற்றடியில் மெசினை நிறுத்தி, "வாங்கோ பிள்ளையள், மலையேறுவம்" என்று கூப்பிட்டார். நான், என் தம்பி, பெரியப்பாவின் பொடியன்கள் இருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி என்று எல்லாரும் மக்கியின் மேல் ஏறிக் குந்தினோம். நான் பின்பக்கம் திரும்பிச் சித்தி வருகிறாரா என்று பார்த்தேன். வரவில்லை.

மெசின் ஏறத் தொடங்கியது. முதலில் ஆனந்தமாகத்தான் இருந்தது. வீடு எங்களை நோக்கி இறங்கி வந்தது. பிறகு பெட்டி சரிந்தது, மக்கி பின்னோக்கி வழுகியது, நாங்களும் அதோடு வழுகினோம். பெரியப்பாவின் முன்னால் மெசினின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாய் வானத்தைப் பார்த்தது. பின்சில்லு இரண்டும் புது மக்கிக்குள் சுழன்று தூசியைக் கிளப்பின. ஒரு குலுக்கு. இயந்திரம் நின்றுபோனது.

எல்லாம் அமைதியாகிவிட்டது. பெரியப்பா பிறேக்கை மிதித்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"சில்லுக்குக் கல்லொண்டு வையடா. கெதியா!"

அப்பா ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கிவந்து வைத்தார். அது போதாத கல். பெரியப்பா கைப்பிறேக்கை இழுத்துவிட்டு, நல்ல கல்லொன்று தானே எடுப்பதற்காக இறங்கினார். அவர் இரண்டாவது காலை நிலத்தில் வைத்திருக்கமாட்டார், மெசின் நகர்ந்தது.

முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. அப்பா வைத்த கல் தெறித்துப் போனது. பெரியப்பா இரண்டு கையாலும் மெசினின் மூக்கைப் பிடித்து இழுத்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு வந்தது. தம்பி இதுவும் விளையாட்டுத்தான் என்று கைதட்டினான். பெட்டி கிணற்றுப் பக்கம் திரும்புவதை நான் கண்டேன். கிணற்றுக்கட்டை உயர்த்துவதற்காக ஒரு பக்கத்தை உடைத்து வைத்திருந்தார்கள். உடைத்த இடத்தினூடாகத் தண்ணீரின் கறுப்பு தெரிந்தது. பெரியம்மா கத்திய சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

சித்தி எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது. வெறுங்கால் ஒன்று மெசினின் படியில் பட்டதைக் கண்டேன். அடுத்ததாக அவர் இருக்கையில் இருந்தார். "மற்றப் பக்கம் திருப்பு, மற்றப் பக்கம்" என்று அப்பா கத்தினார். சித்தி அவர் சொன்னதற்கு நேர்மாறாக, கிணற்றுப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடித்தார். என்ன மாயமோ, பெட்டி கிணற்றை விட்டு விலகியது. கிணற்றுக்கட்டை உரசாமல் போய், கேற்றடியில் குவித்திருந்த மணலில் மோதி நின்றது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அம்மா நெஞ்சில் கைவைத்தபடி நிலத்தில் குந்திவிட்டார். பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார். வெள்ளை மக்கித் தூசிக்குள் அவர் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"பிள்ளை... நீர் இது..." என்று ஏதோ கேட்கத் தொடங்கினார்.

சித்தி அவரைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினார். மெசின் உறுமியது. முற்றத்தில் ஒரே வளைவில் அதைத் திருப்பி, திறந்திருந்த கேற்றால் ஒழுங்கைக்குள் இறக்கினார். பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்ததைக் கண்டேன். பயந்துபோன பிள்ளைகளை ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறார் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மெசின் ஒழுங்கையைத் தாண்டி றோட்டில் ஏறி, அது போகக்கூடிய வேகமெல்லாம் போகத் தொடங்கியபோதுதான் நான் பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன்.

"சித்தி!" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. எல்லாருமாய்க் கூப்பிட்டோம். பெரியப்பாவின் மூத்தவன் ஒரு மக்கிக்கல்லை எடுத்துப் பெட்டியில் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். அந்தச் சத்தத்துக்கு அவர் இன்னும் குனிந்தார். நாடி ஸ்டியரிங்கில் படுகிறமாதிரிக் குனிந்திருந்தார். பின்னல் அவிழ்ந்து முதுகெல்லாம் மயிர் பறந்தது. எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் றோட்டை விட்டு இறங்கினார். வெளியான இடம் வந்தால் மரங்களின் கரையோடு ஒட்டி ஓட்டினார். சங்கக் கடை வாசலில் நின்ற ஆட்கள் எங்களைப் பார்த்தது பார்த்தபடி நின்றார்கள். கடற்படைக் காவலரணில் இருந்தவன் எழும்பிவந்து எட்டிப் பார்த்தான். தம்பி அழத் தொடங்கினான். அவனை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

"சித்திக்குப் பேய் பிடிச்சிட்டுது" என்றான் மூத்தவன். எங்களுக்கு அது சரியென்றே பட்டது.

நாரந்தனைப் பக்கம் திரும்பிக் கடற்கரைக்குப் போகிற மக்கி றோட்டில் மெசின் இறங்கியது. அந்த றோட்டு கடலில் முடிகிறது. அதற்கப்பால் போக வழியில்லை. முன்சில்லு இரண்டும் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் சித்தி நிறுத்தினார்.

நிறுத்தியதும் பாய்ந்து வந்து பெட்டிக்குள் ஏறினார்.

"படுங்கோ. எல்லாரும் படுங்கோ. தலையைத் தூக்கக்கூடாது."

நாங்கள் மக்கியின்மேல் படுத்தோம். அவர் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். தலை, கழுத்து, வயிறு, கால். தொட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுத்தவரைத் தொட்டார். தொடும்போது பெயரும் சொன்னார். தம்பியைக் கீதன் என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தர்சி என்றார். பெரியப்பாவின் பொடியன்களுக்கும் வேறு பெயர்கள். என்னைத் தொட்டு ஏதோ பெயர் சொன்னார், அது என் காதில் விழவில்லை. இத்தனை மாதம் எங்களோடு இருந்துவிட்டு எங்கள் பெயர்களை மறந்துபோனாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

எல்லாரையும் தொட்டு முடித்தபின் அவர் கை அந்தரத்தில் நின்றது.

"வாணி எங்கை?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"வாணி எங்கை? இப்ப இருந்தவள். என்ரை முதுகுக்குப் பின்னாலைதான் இருந்தவள்."

அவர் மக்கியைக் கைகளால் கிளறத் தொடங்கினார். கூர்க்கற்கள் விரல்களைக் கிழித்தன. வெள்ளை மக்கியில் சிவப்புப் பட்டது. அவருக்கு நோகவில்லைப் போலும். கிளறிக் கிளறி எங்கள் கால்களுக்குக் கீழேயும் தேடினார்.

அப்போதுதான் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்தது. அரைநாள் வேலை முடிந்து வீடு திரும்பியவரை, வாசலிலேயே மறித்து அப்பா பின்னால் ஏறிக்கொண்டு வந்திருந்தார். இறங்கும்போதே அப்பா கத்தினார்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையளைக் கொல்லப் பாத்தீரோ?"

சித்தப்பா கையைக் காட்டி அவரை மறித்தார். அண்ணனுக்கு முன்னால் அவர் அப்படிக் கை நீட்டியதை நான் அதற்கு முன்னோ பின்னோ கண்டதில்லை. கந்தோருக்குப் போட்ட சப்பாத்தோடும் காற்சட்டையோடும் தண்ணீருக்குள் நடந்து வந்து பெட்டியில் ஏறினார். சித்திக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"இஞ்சரும். என்னைப் பாரும். இது நாரந்தனைக் கடல்."

"வாணியைக் காணேல்லை" என்றார் சித்தி.

வாணி யார் என்று சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை அவர் முகத்தில் கண்டேன். வாணி என்று இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"ஆறு."

"என்ன உடுப்பு?"

"பச்சைச் சட்டை. நான்தான் போட்டுவிட்டனான்."

சித்தப்பா எழும்பி நின்றார். வந்த றோட்டைப் பார்த்து, வாயில் கைகளைக் குவித்து, "வாணீ!" என்று கூப்பிட்டார். றோட்டில் ஒருவரும் இல்லை. கடலைப் பார்த்துக் கூப்பிட்டார். மறுபடி றோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். கரையில் நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தி சித்தப்பாவின் காற்சட்டையைப் பிடித்தபடி, பதில் வருமா என்று வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாகமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. யாராவது பதில் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. சித்தப்பா மறுபடியும் கூப்பிட்டபோது நான் கையை உயர்த்தினேன்.

"ஓம், நான் இஞ்சை இருக்கிறன்."

சித்தி திரும்பினார். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இழுத்து அணைத்தார். அப்படி ஒரு அணைப்பை நான் அதுவரை அறிந்ததில்லை, மூச்சு முட்டியது. அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அழ அழ, மெல்ல மெல்ல, என் உண்மையான பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

குடிபூரல் வைத்த நாளிலேயே நடந்தது. பாற்சோறு பொங்கினோம். ஏற்றத்துக்குச் சீமெந்து போட்டு, சில்லு வழுகாமல் வரி வெட்டினார்கள். பெரியப்பாவின் கார் அதில் ஏறி, போர்ட்டிக்கோவுக்குள் போய் நின்றது. ஊரார் வந்து பார்த்துச் சிரித்துவிட்டும் வியந்துவிட்டும் போனார்கள். அந்தச் சிவப்பு மெசின் மட்டும் அங்கே இருக்கவில்லை. மக்கி வேலை முடிந்ததும், யாரும் சொல்லாமலே, பெரியப்பா அதை லொறியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் பகிடி விடுவதையும் நிறுத்திவிட்டார். சித்தி தேத்தண்ணி கொண்டுவந்தால் எழும்பி நின்று வாங்குவார். சனிக்கிழமை நடந்ததைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை.

மிச்சத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வருடத்தில். சித்தியின் தகப்பன் வயல்காரர். மகளுக்குச் சின்ன வயதிலேயே வயலுக்குள் மெசின் ஓட்டப் பழக்கியிருந்தார். கடைசிச் சண்டைக் காலத்தில் அவர்தான் பிள்ளைகளையும் அயலட்டைப் பிள்ளைகளையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தார். வழியில் செல் குண்டு விழுந்து அவர் இருக்கையிலேயே சரிந்தபோது, சித்தி அவரைத் தள்ளிவிட்டு ஏறி ஓட்டினார். பதினாறு வயது. நிறுத்தினால் எல்லாரும் போய்விடுவார்கள். திரும்பிப் பார்த்தாலே நிறுத்த வேண்டிவரும் என்று, ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். ஏரிக்கரைக்கு வந்து, இனிப் போக இடமில்லை என்றபோது இறங்கிப் பெட்டிக்குள் பார்த்தார். கடைசித் தங்கை பெட்டிக்குள் இல்லை. எந்த இடத்தில் விழுந்தாள் என்று ஒருவரும் காணவில்லை.

"மற்றப் பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"அதை நான் கேக்கேல்லை" என்றார் அம்மா. "உன்ரை சித்தப்பாவுக்கே இவ்வளவும் அண்டைக்குத்தான் தெரியும்."

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பெரியப்பா ஓட்டோ பிடித்து வந்து, மெசினைத் தண்ணீரிலிருந்து எடுத்து, நடக்கிற வேகத்தில் வீட்டுக்கு ஓட்டினார். சித்தி எங்களோடு பெட்டிக்குள் இருந்தார். காயம்பட்ட விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கைமாற்றிப் பிடித்தாரே தவிர விடவில்லை. பெட்டியின் கரையில் இருந்து றோட்டைப் பார்க்க விடவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

"நீ ஏன் அக்கா வாணி எண்டு சொன்னனீ?" என்று தம்பி காதுக்குள் கேட்டான்.

"இல்லாட்டி சித்தி தேடிக்கொண்டே இருந்திருப்பா" என்றேன்.

நான் பதில் சொன்னதோடு அவர் தேடுவதை நிறுத்திவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.